கொழும்புப் பிள்ளைகளுக்கு ஊர் காட்டிய நாள்

கிளர்ச்சிக்காரன் தொழிலில் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, பயம் மட்டும் தாராளமாகக் கிடைக்கும். இதை மேடையில் சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். என்னைப்போலப் பசை வாளி தூக்கி, இருட்டுச் சுவரில் நோட்டீஸ் ஒட்டி, பூட்ஸ் சத்தம் கேட்டால் வேலி தாண்டி ஓடியவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம்.

முதலில் எனக்கு நடந்த அநியாயங்களை வரிசைப்படி சொல்லிவிடுகிறேன். வரிசை முக்கியம். ஒன்று: மில் வாசலில் நோட்டீஸ் கொடுத்தேன் என்று எட்டாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் துண்டுப் பிரசுரங்கள்தாம். இரண்டு: துறைமுகத்தில் மூட்டைக்கு அடையாளம் போடும் வேலை கிடைத்தது, வெள்ளைக்கார அதிகாரி கடந்து போகும்போது எழுந்து நிற்கவில்லை என்று அதுவும் போயிற்று. மூன்று: முதல் தடவை பிடித்தபோது லாக்கப்பில் ஒருவன் விட்ட அறையில் இடது காது போயிற்று. நான்கு: இரண்டாம் தடவை ஒன்பது மாதம் உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்தேன், வாசலில் மாலையோடு ஒருவரும் இல்லை, அன்றைக்குத் தொழிற்சங்கத் தலைவர் வீட்டில் கல்யாணம். ஐந்து: யுத்தம் முடிந்ததும், அதுவரை கட்டிலுக்கு அடியில் இருந்தவர்கள் எல்லாம் கதர் உடுத்தி மேடை நாற்காலியைப் பிடித்தார்கள். மேடைக்குக் கீழே பெஞ்சில்கூட எனக்கு இடம் வைக்கவில்லை. ஆறு: என்னை ஊர் சுற்றிக் காட்டுகிறவனாக ஆக்கினார்கள். இனி எழுதுவது அந்த ஆறாவதைப் பற்றி.

வேலை கிடைத்த விதம்

யுத்தம் முடிந்த மறு வருஷம். கொழும்பிலிருந்து ஒரு கல்லூரியின் கால்பந்துக் கோஷ்டி கப்பலேறித் தூத்துக்குடிக்கு வந்திருந்தது. பதின்மூன்று பிள்ளைகள், கூட ஒரு வாத்தியார். ஒரு ஆட்டத்தில் ஜெயித்து, ஒன்றில் தோற்று, மூன்றாம் நாள் சாயங்காலம் கப்பலுக்குத் திரும்ப வேண்டும். அந்த ஒரு பகல் அவர்களுக்கு ஓய்வு. ஊர் காட்ட ஆள் வேண்டும் என்று விளையாட்டுக் கழகத்துக்காரர் என்னிடம் வந்தார். முன்பு இரண்டு வருஷம் கொழும்பில் ஒளிந்திருந்தபோது நாலு வார்த்தை சிங்களம் கற்றவன் நான். வேறு சமயமாக இருந்தால் இது என் தகுதிக்குக் குறைவு என்று சொல்லியிருப்பேன். அன்று உடனே சரி என்றேன். காரணம் இருந்தது.

ஒரு மாதத்துக்கு முன்னால் உப்பளங்களில் ஒரு நோட்டீஸ் பரவியிருந்தது. தலைப்பு, 'எங்கள் காலைப் பாருங்கள்'. அச்சகத்தின் பெயர் இல்லை, எழுதியவன் பெயர் இல்லை. எங்கள் தொழிலில் வழக்கம் அதுதான். பெயர் போடாமல் எழுதுவோம். நீயா எழுதினாய் என்று ஊர் கேட்டால், எழுதியவன் ஆமாம் என்றும் சொல்லமாட்டான், இல்லை என்றும் சொல்லமாட்டான். மீசையைத் தடவிக்கொண்டு சும்மா இருப்பான். ஊர் புரிந்துகொள்ளும். அந்த நோட்டீஸை நான் எழுதவில்லை. ஆனால் ஊர் என்னிடம் கேட்டது, நான் மீசையைத் தடவிக்கொண்டு சும்மா இருந்தேன். பன்னிரண்டு வருஷம் நோட்டீஸ் எழுதியும் அப்படி ஒன்று என் கையிலிருந்து வந்ததில்லை என்பதுதான் உண்மை.

அதற்கு அப்புறம் உப்பளத்தில் நாலு நாள் வேலை நின்றது. போலீஸ் அச்சகம் அச்சகமாக ஏறி இறங்கியது. வெளிநாட்டுப் பிள்ளைகள் நடுவே நிற்கிறவனைச் சட்டையைப் பிடித்து இழுக்கத் தயங்குவார்கள் என்பது என் எண்ணம். ஊர் காட்ட வேண்டிய நாள் விடியற்காலை பஸ்ஸுக்குப் போகிற வழியில் டீக்கடையில் நின்றேன். கடைக்காரர் கிளாஸை நீட்டிக்கொண்டே, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார்: "நோட்டீஸ் எழுதுனவருக்குத் திருநவேலியில இருந்து வாரண்டு வந்துட்டாம் அண்ணாச்சி. டீ சூடா இருக்கு, மெதுவாக் குடிங்க."

முத்து

பஸ் என்றால் பின்னால் கரி அடுப்பு கட்டி, அந்தக் கரி வாயுவில் ஓடுகிற பஸ். பெட்ரோல் கிடைக்காத காலம். டிரைவர் சந்தியாகு எங்கள் சங்கத்து ஆள். மணப்பாட்டுக்காரன், முப்பது வயதிருக்கும். கூட்டம் நடந்தால் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போய்விடுவான். நாக்கு இல்லாத பயல் என்று நாங்கள் கேலி செய்வோம். அவன் அன்று அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒடம்புக்கு முடியலையா அண்ணாச்சி?" என்றான். ராத்திரி தூங்கவில்லை என்றேன். "எனக்கும் தூக்கம் இல்ல," என்றான்.

பிள்ளைகளுக்கு முதலில் முத்துப் பார்க்க வேண்டும். கோஷ்டியின் தலைவன் குகதாசன், யாழ்ப்பாணத்துப் பையன், கடற்கரையில் இறங்கியவுடன் மணலைக் காலால் கிளற ஆரம்பித்தான். "அண்ணை, முத்து எந்தப் பக்கம் கிடக்கு? அம்மாவுக்கு ரெண்டெண்டாலும் கொண்டு போகவேணும்." வெளியூர்க்காரர்கள் எல்லாரும் எங்கள் ஊரைப் பற்றி இப்படித்தான் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். நான் முத்துக்குளிப்பின் சரித்திரத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது மீன் ஏலம் நடக்கிற இடத்தில் இரண்டு சிவப்புத் தலைப்பாகை தெரிந்தது. போலீஸ்காரர்கள். உடனே நான் கடலுக்கு முதுகைக் காட்டி, ஒரு சரக்குக் கிட்டங்கிச் சுவரைப் பார்த்துக்கொண்டு, கடலின் ஆழத்தையும் சிப்பியின் குணத்தையும் வர்ணித்தேன். பிள்ளைகளும் மரியாதையாக அந்தச் சுவரையே பார்த்தார்கள். போலீஸ்காரர்கள் சாளை மீன் வாங்கிக்கொண்டு போகிறவரை என் வர்ணனை நிற்கவில்லை.

பக்கத்தில் சங்கு குளிக்கிறவர் ஒருவர் வலது காதில் எண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முத்துக்குளிப்பு நின்று வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போது கரையில் நடப்பது சங்குதான். குகதாசன் என்னை விட்டுவிட்டு அவரிடம் போய், நீங்கள் எத்தனை முத்து எடுத்திருக்கிறீர்கள் என்று கேட்டான். அவர் எண்ணெயைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நான் முத்தக் கிட்டத்துல பாத்தது கலெக்டர் பொஞ்சாதி காதுலதான்."

செருப்பு

முத்தையாபுரம் தாண்டியதிலிருந்து ஒரு கறுப்பு மோட்டார் எங்கள் பின்னால் வந்தது. கரி பஸ்ஸை எதுவும் முந்திப் போகும், இது முந்தவில்லை. உள்ளே அதிகாரிகள் போடுகிற சோலா தொப்பி போட்ட ஒருவர். நான் கடைசி சீட்டுக்குப் போய் உட்கார்ந்து, திரும்பிப் பார்ப்பதும் தலையைக் குனிவதுமாக இருந்தேன். பிள்ளைகள் தங்கள் ஊர் பைலாப் பாட்டு ஏதோ பாடிக் கை தட்டினார்கள். எனக்குக் கேட்கிற ஒரு காதிலும் அந்த மோட்டாரின் சத்தம்தான் கேட்டது.

ஆறுமுகநேரி உப்பளத்தில் நிறுத்தச் சொல்லி வாத்தியார் பெரேரா கேட்டார். வெயிலில் பாத்தி எல்லாம் கண் கூசியது. ஒரு பிள்ளை ஷூவைக் கழற்றிவிட்டுப் பாத்தியில் இறங்கி, விளையாட்டில் சிராய்த்த காலை வைத்தவுடன் துள்ளி வெளியே வந்தான். உப்புச் சுமந்துகொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர்களில் வள்ளியம்மை என்று ஒருத்தி, நாற்பது வயதிருக்கும், கூடையை இறக்கிவிட்டு என்னிடம் வந்தாள். எழுத்துத் தெரியாதவள். ஆனால் யாரோ வாசிக்கக் கேட்டு அந்த நோட்டீஸ் முழுவதையும் மனப்பாடம் பண்ணியிருந்தாள். "'எங்கள் காலைப் பாருங்கள். அப்புறம் உங்கள் இலையில் இருக்கிற உப்பைப் பாருங்கள்'," என்று ஆரம்பித்து, கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைபோல ஒப்பித்தாள். பஸ்ஸுக்குத் தண்ணீர் எடுக்க வந்த சந்தியாகு, அவள் முடிக்கிறவரை வாளியோடு நின்றான். இந்தப் பெண்கள் தினமும் அவன் பஸ்ஸில் வருகிறவர்கள். உப்புத் தண்ணீர் படும் என்று பஸ் முதலாளி அவர்களை சீட்டில் உட்காரவிடுவதில்லை.

"இத எழுதுனது நீங்கதானாமே?" என்றாள் வள்ளியம்மை. பத்தடி தள்ளி உப்பளத்து மேஸ்திரி நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அதற்குப் பின்னால் கறுப்பு மோட்டார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் மேஸ்திரி வாயிலாகவே அது ஸ்டேஷனுக்குப் போய்ச் சேரும், நான் தப்பித்துவிடலாம். அந்த வார்த்தை தொண்டைவரை வந்தது. ஏழெட்டுப் பெண்கள் கூடையோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் கை தானாக மீசைக்குப் போயிற்று. அவள் என்னை மேலிருந்து கீழே பார்த்தாள், பார்வை கீழேயே நின்றது. "எங்க காலப் பத்தி எழுதுனவரு கால்ல செருப்பு புதுசா இருக்கே, அண்ணாச்சி," என்றாள்.

தொப்பிக்காரர்

திருச்செந்தூரில் காபி கிளப்பில் சாப்பாடு. இலை போட்டு முடிவதற்குள் அந்தத் தொப்பிக்காரர் வாசலில் வந்து இறங்கினார். நான் கை கழுவுகிற சாக்கில் எழுந்து, அடுக்களை வழியாகக் கொல்லைப்புறம் போய், விறகுக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். பன்னிரண்டு வருஷத்து அனுபவம். எந்தக் கிளப்பில் எந்தப் பக்கம் வெளியேறலாம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கொல்லையின் பின்கதவைப் புதிதாகப் பூட்டியிருந்தார்கள். செத்துப்போன காதுக்குள் குய் என்று ஒரு சத்தம் கேட்டது. பயம் அதிகமானால் எனக்கு அப்படிக் கேட்கும். இன்னொரு அறை நல்ல காதிலும் விழுந்தால் என்ன ஆகும் என்பதுதான் பல வருஷமாக நான் யோசித்துக்கொண்டிருந்தது. ஜெயிலைவிட அதற்குத்தான் பயந்தேன். சத்தமே இல்லாத ஜெயிலை நினைத்துப் பாருங்கள்.

அடுக்களையிலிருந்து சரக்கு மாஸ்டர் விறகு எடுக்க வந்து என்னைப் பார்த்தார். அவருக்குப் பின்னாலேயே தொப்பிக்காரரும் வந்துவிட்டார். "நீங்கதான் இந்தக் கோஷ்டிக்குப் பொறுப்புன்னு சொன்னாங்க. காலையிலேருந்து தேடிக்கிட்டு வாரேன்," என்று சொல்லிக் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்தார். நான் வாங்கினேன். அதில் கொட்டை எழுத்தில் ஆயுள் இன்ஷூரன்ஸ் என்று இருந்தது. கால்பந்து ஆடுகிறவர்களுக்குக் கை கால் முறிவதைப் பற்றி வாத்தியாரிடம் பேசிவைக்க வேண்டுமாம். அவருடைய மோட்டாரில் மூன்றாவது கியர் விழவில்லையாம். அதனால்தான் எங்களை முந்தவில்லை. என் முகம் தெளிவதைப் பார்த்து, என்னையே ஒரு பாலிசிக்கு மடக்கப் பார்த்தார். தொழில் என்ன என்று கேட்டார். சொன்னேன். பேனாவை மூடிச் சட்டையில் செருகிக்கொண்டு, "மன்னிக்கணும் சார், உங்க தொழில்காரங்களைக் கம்பெனி எடுக்கிறதில்ல," என்றார்.

மணப்பாட்டு மேடு

அந்த நாளிலேயே நான் மூச்சு விட்ட இடம் மணப்பாடு ஒன்றுதான். மேட்டின் மேல் சிலுவைக் கோயில், கீழே மூன்று பக்கமும் கடல். பிள்ளைகள் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தண்ணீரில் விழுந்தார்கள். வாத்தியார் கோயிலுக்குள் போய் முழந்தாளிட்டார். ஊரிலிருந்து நாற்பது மைல் தள்ளி வந்தாயிற்று, இங்கே ஒரு போலீஸ் தலையும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பஸ் நிழலில் சந்தியாகுவும் நானும் உட்கார்ந்தோம். அவனிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. யாரிடமாவது சொன்னால் போதும் என்றிருந்தது. "ஏலே, அந்த நோட்டீஸு..." என்று ஆரம்பித்தேன். அவன் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் இருந்ததை நான் பக்தி என்று எடுத்துக்கொண்டேன். வாயில் வந்தது வேறு. "அத எழுதும்போதே தெரியும்ல, உள்ள போக வேண்டிவரும்னு."

கொஞ்ச நேரம் அவன் மணலில் கோடு போட்டான். பிறகு கேட்டான், "எந்த வரி அண்ணாச்சி எழுதக் கஷ்டமா இருந்துச்சு?" எல்லா வரியும்தான் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டான்.

அதற்கு அப்புறம்தான் அவன் அதைக் கேட்டான். "நான் இங்கனயே நின்னுக்கிடட்டுமா? சித்தப்பா வள்ளம் சாயங்காலம் கெளம்புது. அவரு கூட நாலு நாள் கடலுக்குப் போயிட்டு வாரேன். வாத்தியாரு யுத்தத்துல லாரி ஓட்டுனவராம், கேட்டுட்டேன், பஸ்ஸ அவரு கொண்டுபோயிருவாரு." திரும்புகிற வழியில் என்னைப் பிடித்தால், வீட்டுக்குச் சொல்லவும், வக்கீலைப் பார்க்கவும் நம் ஆள் ஒருவன் கூட வேண்டாமா? அதைச் சொல்லவில்லை. பிரசங்கம் பண்ணினேன். சங்கத்துக் கட்டுப்பாட்டைப் பற்றிச் சொன்னேன். தோழன் தலைக்கு மேலே வாரண்டு தொங்குகிறபோது வள்ளம் ஏறுகிறவனை என்னவென்று சொல்வது என்று கேட்டேன். கோழை என்ற வார்த்தையையும் சொன்னேன். பேசி முடித்தபோது என் கை அவன் தோளைப் பிடித்திருந்தது. எப்போது பிடித்தேன் என்று எனக்கே தெரியாது. அது நடுங்குவதை அவன் பார்த்தான். கடற்கரையில் அவன் சித்தப்பா வள்ளத்தின் பாயைச் சுருட்டிக்கொண்டு நிமிர்ந்து நிமிர்ந்து இந்தப் பக்கம் பார்த்தார். சந்தியாகு எழுந்து, அவருக்குக் கையை ஆட்டி, வரவில்லை என்று சைகை காட்டினான். பிறகு அடுப்புக்குக் கரி அள்ளிப் போட்டான். "சரி அண்ணாச்சி. நீங்க பயப்படுதியன்னா நான் வாரேன்," என்றான்.

பாலம்

எங்கள் துறைமுகத்தில் பெரிய கப்பல் கரைக்கு வராது; ஆழம் போதாது. மைல் கணக்கில் தள்ளி நிற்கும். கடலுக்குள் நீட்டிக் கட்டிய பாலத்திலிருந்து லாஞ்சு என்கிற மோட்டார்ப் படகில் போய் ஏற வேண்டும். நாலரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். பிள்ளைகள் ஒவ்வொருவராக என் கையைக் குலுக்கி லாஞ்சில் குதித்தார்கள். குகதாசனின் சட்டைப்பை நிறையச் சிப்பி ஓடு. "அண்ணை, இவ்வளவு ஆறுதலா, அவசரமில்லாமல் ஒரு நாளும் திரிஞ்சதில்லை," என்றான். வாத்தியார் மட்டும் இன்னும் ஏறவில்லை. சந்தியாகுவிடம் பஸ்ஸின் அடுப்பைப் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது சுங்கக் கொட்டகைக்குப் பின்னாலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். கூட நாலு போலீஸ்காரர்கள். கையில் நீளக் காகிதம், நாலாக மடித்தது. அந்த மாதிரிக் காகிதத்தை இரண்டு தடவை பார்த்தவன் நான், மடிப்பிலேயே தெரியும். அவர் நேராக என்னை நோக்கி வந்தார். காதுக்குள் குய் என்றது. லாஞ்சுக்கும் எனக்கும் பன்னிரண்டு அடிதான். கால் வரவில்லை. அவர் சுமை தூக்குகிற ஒருவரையும் சுங்கக் குமாஸ்தா ஒருவரையும் கூப்பிட்டார். "ரெண்டு பேரும் சாட்சிக்கு நில்லுங்க. உப்பளத்து நோட்டீஸ் எழுதுன ஆளு பேர வாசிக்கப் போறேன். காதால கேட்டுக் கையெழுத்துப் போடணும்."

நான் பேசினேன். ஆயிரம் பேர் கூட்டத்திலும் என் குரல் அவ்வளவு தெளிவாக எழும்பியதில்லை. "அந்த நோட்டீஸ நான் எழுதல. அதுல ஒரு எழுத்துகூட என்னோடது இல்ல. எழுதுனவன் யாருன்னும் எனக்குத் தெரியாது, எனக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது." பாலத்தில் மூட்டை உருட்டிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். எல்லாரும் சங்கத்து ஆட்கள். லாஞ்சில் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் என்னை அப்போதுதான் கவனித்தவர்போல நின்றார். "உம்மள யாருவே கேட்டா? தள்ளி நில்லும்," என்றார்.

என்னைத் தாண்டிப் போலீஸ்காரர்கள் பஸ்ஸை நோக்கி நடந்தார்கள். அங்கே சந்தியாகு வாத்தியாரிடம் ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டிவிட்டு, அடுப்பின் மூடியை இறுக்கிச் சாத்தி, கரிக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, கூப்பிடாமலே முன்னால் வந்து நின்றான். என்னைப் பார்க்கவில்லை. ஒரு தடவையாவது பார்த்திருக்கலாம்.

பன்னிரண்டு வருஷப் பொதுவாழ்வில் நான் செய்த பிரசங்கங்களிலேயே ஒரு பொய்கூட இல்லாத ஒரே பிரசங்கத்தை அந்தப் பாலத்தில் நான் செய்து முடித்த பிறகு, இன்ஸ்பெக்டர் காகிதத்தை விரித்து, சாட்சிகள் இருவர் காதிலும் விழும்படி நிறுத்தி நிறுத்தி வாசித்தார்: "மணப்பாடு, சூசை மகன், சந்தியாகு."